மின்சாரம் நின்றால் தறிப்பெட்டி மறக்கலாமா?

சென்ற மாதம் நம் சங்கக் கட்டடத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில், பின் வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து வந்து, மேஜையின் மேல் ஒரு பட்டுப் புடவையை விரித்துக் காட்டினார். அரக்கு நிற உடல். மாம்பழ மஞ்சள் முந்தி. முந்தியில் ஜரிகையால் அன்னப்பட்சிகள் வரிசையாக ஓடின. நடு வரிசைக்கு வந்ததும் கண் தயங்கியது. அந்த வரிசைப் பட்சிகளுக்குக் கழுத்து வரையில்தான் உடம்பு இருந்தது. தலை வரவேண்டிய இடத்தில் மறுபடியும் கால்கள் தொடங்கியிருந்தன.

அவர் நெய்வது மின்னணு ஜக்கார்டு பொருத்திய கைத்தறி. பட்சியின் கழுத்து வரை நெய்து வந்தபோது மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. பெட்டி விழித்துக்கொண்டது, ஆனால் தான் எந்த இழையில் நின்றோம் என்பதை மறந்து, டிசைனின் முதல் இழையிலிருந்து கொக்கிகளைத் தூக்க ஆரம்பித்தது. கண்ணில் படுவதற்குள் இரண்டு விரற்கடை ஓடிவிட்டது. ஜரிகை இழையைப் பிரித்தெடுத்தால் பாவு நைந்துவிடும் என்று அஞ்சி அவர் அப்படியே முடித்தார். மதிப்பீட்டில் புடவை இரண்டாம் தரம் என்று ஒதுக்கப்பட்டது, கூலியும் குறைந்தது.

“அட்டை கோத்து நெய்த காலத்தில் இடி விழுந்தாலும் அட்டை மறந்தது கிடையாது. இந்தப் பெட்டி மறந்துவிட்டதே, ஐயா!” என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது முழுவதும் உண்மை. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த பெட்டியின் தத்துவத்தை நம் நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி எழும், இல்லாத இடத்தில் எழாது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதை 1830-களில் ஒரு கணக்கு யந்திரத்தைத் திட்டமிட்டபோது, இந்த அட்டைகளையே மாதிரியாகக் கொண்டார். ஆகவே கணிப்பொறி தறியிடம் பாடம் கேட்ட மாணாக்கன் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். மாணாக்கன் ஒரு பாடத்தை மட்டும் கற்கத் தவறினான். அட்டைச் சங்கிலியில் இரண்டு ஞாபகங்கள் இருந்தன. டிசைன் துளைகளில் இருந்தது. நெய்து நிறுத்திய இடமோ, உருளையின் மேல் எந்த அட்டை கிடக்கிறது என்பதிலேயே இருந்தது. இரண்டுக்கும் மின்சாரம் தேவைப்படவில்லை.

புதிய பெட்டிக்கும் இந்த இரண்டு ஞாபகங்கள் வேண்டும். இவற்றில் இடம் மறந்தால் ஒரு புடவை கெடும். டிசைனோ, பெட்டியை இயக்கும் நிரலோ அழிந்தால் தறி நாட்கணக்கில் ஓய்ந்து நிற்கும். இந்த விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதி, இத்துறையில் பழக்கமுள்ள ஓர் இளைஞரை அழைத்து, அந்த முதியவரையும் அருகில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்தோம்.

உள்ளே, சட்டைப் பையில் அடங்கும் அளவில் பச்சை நிறப் பலகை ஒன்று இருந்தது. அதுவே ஒரு முழுக் கணிப்பொறி. இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது, 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்பது. 5 வோல்ட் மின்சாரத்தில் சில வாட் சக்தியே செலவழிக்கும். அதன் நிரலும் கோப்புகளும் பெரும்பாலும் நகம் அளவான ஒரு மெமரி கார்டில் இருக்கும். பால் கொள்முதல் கணக்கு, சொட்டு நீர்ப் பாசனத்தின் வால்வு, எடை மேடை என்று இன்று கிராமத்தில் நாம் காணும் பல பெட்டிகளுக்குள் இத்தகைய சிறு கணிப்பொறிகளே இருக்கின்றன.

“விளக்கு அணைந்தால் இருட்டு, மறுபடி ஏற்றினால் வெளிச்சம். இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது, தம்பி?” என்று முதியவர் கேட்டார்.

“அணைவதால் கெடுவதில்லை, ஐயா. எழுதிக்கொண்டிருக்கும்போது அணைவதால்தான் கெடுகிறது” என்றார் இளைஞர்.

நம் சங்கத்துக் கணக்கரைக் கொண்டே இதை விளக்கலாம். ஓர் அங்கத்தினருக்கு நூல் கொடுத்தால் அவர் மூன்று இடங்களில் எழுதுகிறார்: இருப்புப் புத்தகத்தில் நூலைக் கழிக்கிறார், அங்கத்தினர் பேரேட்டில் பற்று வைக்கிறார், மொத்தத் தொகையைத் திருத்துகிறார். இருப்பைக் கழித்துவிட்டுப் பற்று எழுதுவதற்குள் அவரை யாரேனும் வெளியே இழுத்துச் சென்றுவிட்டால் என்ன ஆகும்? நூல் எங்கே போயிற்று என்று புத்தகம் சொல்லாது. கணிப்பொறியும் ஒரு சிறு கோப்பை எழுத இதுபோலப் பல இடங்களைத் தொடுகிறது. போதாததற்கு, அது உடனுக்குடன் எழுதுவதுமில்லை. இப்பெட்டிகளில் பெரும்பாலும் வழங்கும் லினக்ஸ் அமைப்பு, எழுதவேண்டியதை வேகத்தின் பொருட்டுத் தன் தற்காலிக நினைவில் வைத்திருந்து, சாதாரணமாக 30 வினாடி வரை தாமதித்தே கார்டுக்கு அனுப்பும். திரையில் ‘பதிவாயிற்று’ என்று கண்டதும் நாம் நிம்மதியாக எழுந்துவிடுகிறோம். அந்தப் பதிவு இன்னும் காற்றில்தான் இருக்கிறது!

இதற்குப் பழைய கணக்கர்கள் அறிந்த மருந்து உண்டு. முதலில் நாள்வழியில் நடவடிக்கை முழுவதையும் ஒரே குறிப்பாக எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதே அது. இடையில் தடை ஏற்பட்டால் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்யலாம். லினக்ஸில் 2001-இல் வந்த எக்ஸ்ட்-3, 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4 ஆகிய கோப்பு முறைகள் இவ்வாறே நாள்வழி எழுதுகின்றன. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் ‘ஜர்னல்’ என்பதே. ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. இந்த நாள்வழி சாதாரணமாகப் பேரேட்டின் ஒழுங்கைக் காக்குமே தவிர, கடைசி சில வினாடிகளில் நீங்கள் எழுதிய எடையையும் தொகையையும் காக்கும் என்பது நிச்சயமில்லை. மேலும் நாள்வழி எழுதப்படும் தாளே கிழிந்துபோகக்கூடியதாக இருந்தால்?

கார்டின் விசித்திரம் இங்கேதான் வருகிறது. சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். மெமரி கார்டினுள் இருப்பது ‘ஃப்ளாஷ்’ என்னும் நினைவகம். 1980-களில் ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா கண்டது. அதில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தே. ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் புதிய இடத்தில் எழுதி, பழையதைத் தள்ளுபடி செய்து, அவ்வப்போது தொகுதிகளைப் பெயர்த்தெழுதி இடம் ஒழிக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்றைக் கார்டே தனக்குள் வைத்திருக்கிறது. இந்த வேலைகளை அது நம்மைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. அட்டவணையைத் திருத்தும் கணத்தில் மின்சாரம் நின்றால், ஆறு மாதத்துக்கு முன் எழுதி மறந்துபோன கோப்புக்கூட மறைந்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. விலை குறைவதற்காக ஒரே சிற்றறையில் இரண்டு மூன்று துணுக்குகளைத் திணித்து வைக்கிறார்கள். இரண்டாவது துணுக்கை எழுதும்போது மின்சாரம் நின்றால், முன்பே பத்திரமாக எழுதியிருந்த முதல் துணுக்கும் சேர்ந்து கெடுகிறது. “நாங்கள் அந்தக் கோப்பைத் தொடவே இல்லையே” என்று பலர் வியப்பதற்குக் காரணம் இதுதான். இது மலிவுக் கார்டுகளுக்கு மட்டும் உரிய குறை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் எச்.பி. ஆய்வுக்கூடத்தாரும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணிப்பொறிகளுக்கான 15 ஃப்ளாஷ் வட்டுகளை வேலையின் நடுவே மின்சாரம் நிறுத்திச் சோதித்தார்கள். அவற்றில் 13, எதிர்பாராத விதத்தில் தவறின.

அப்படியானால் பரிகாரம் என்ன? பலருக்கும் முதலில் தோன்றுவது பாட்டரி. நமக்கும் அப்படித்தான் தோன்றியது. இளைஞரோ, “பாட்டரி கடைசி, ஐயா. முதல் வேலை, எழுதாமலிருப்பது” என்றார். யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு எளிய உண்மை! எழுதாத கார்டை மின்தடை கெடுக்கும் சந்தர்ப்பம் மிக அரிது. தறிப்பெட்டியின் நிரலும் டிசைனும் நெசவு நடக்கும்போது மாறுவதில்லை. அவற்றைக் கல்வெட்டுப்போலப் படிக்க மட்டுமே திறந்து வைக்கலாம். பெட்டி தன் போக்கில் கிறுக்கும் தற்காலிகக் குறிப்புகளைச் சிலேட்டில் எழுதி அழிப்பதுபோலத் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ராஸ்பெரி பையின் அமைப்பு நிரலில் இதற்கென்று ‘ஓவர்லே’ என்னும் வசதியே இருக்கிறது, தனிச் செலவில்லை. புது டிசைன் ஏற்றும்போது மட்டும் கல்வெட்டைத் திறந்து, புதிய கோப்பைத் தனியாக எழுதி, உடனே கார்டில் இறக்கும்படி ஆணையிட்டு, சரிபார்த்த பின்னரே பழையதன் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பது. இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய டிசைன் முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். பாதிப் பட்சி இராது. நாம் திறந்து பார்த்த பெட்டியில் இந்த ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. விற்றவர் நல்ல தறிவேலை அறிந்தவர்தாம். கார்டை மட்டும் காகிதம் என்று நம்பிவிட்டார்.

இனி, நெய்து நிறுத்திய இடம். அது ஒவ்வோர் இழைக்கும் மாறும் ஓர் எண், எழுதாமலிருக்க முடியாது. இதைக் கார்டில் எழுதுவது பேதைமை. சிறு சில்லுகளில் இருக்கும் ‘ஈப்ராம்’ என்னும் நினைவில் எழுதலாமே என்றால், பழக்கத்திலுள்ள ஏ.டி.மெகா 328 பி என்னும் சில்லில் ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதுவதற்கே தயாரிப்பாளர் உறுதி தருகிறார். நாளொன்றுக்கு 5,000 இழை ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒரே இடத்தில் எழுதுவதாயின் 20 நாளில் அந்த உறுதி தீர்ந்துவிடும். இந்த வேலைக்கு ஏற்றது ‘எஃப்-ரேம்’ என்னும் வேறொரு சில்லு. கொள்ளளவு மிகச் சிறியது. ஆனால் அழித்தெழுதும் தொல்லை இல்லை, மின்சாரம் போனாலும் மறப்பதில்லை, லட்சம் கோடி முறை வரை எழுதலாம். ஓர் எண்ணை எழுத ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட ஆகாது. எண்ணை இரண்டு இடங்களில் மாறி மாறி எழுதி, ஒவ்வொன்றோடும் சரிபார்க்கும் கூட்டுத்தொகை ஒன்றையும் வைத்தால், ஒன்று பாதியில் நின்றாலும் மற்றது சாட்சி சொல்லும். அந்த முதியவரின் புடவையைக் காத்திருக்கக்கூடியது விரல் நுனியில் நிற்கும் இந்த ஒரு சில்லுதான்.

கொள்முதல் நிலையத்துக் கணக்குப்போல எழுதியே தீரவேண்டிய இடங்களில், மின்சாரம் நிற்கப்போகிறது என்று பெட்டிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நிற்கப்போவதை எப்படி அறிவது? மின்விசிறியிலும் மோட்டாரிலும் இருக்கும் கண்டென்சரை அறியாதவர் நம்மில் இல்லை. பெட்டியின் 24 வோல்ட் வழியில் 4,700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருந்தால், வெளியே மின்சாரம் நின்ற பிறகும் அது 10 வோல்ட்டுக்கு இறங்கும் வரை ஏறத்தாழ 1.1 ஜூல் சக்தியைத் தரும். 4 வாட் பெட்டிக்கு அது கால் வினாடிக்குச் சற்று மேல். மனிதருக்குக் கண் சிமிட்டும் நேரம். எஃப்-ரேமில் எழுதுவதற்கோ தாராளம். ஆனால் அந்த 24 வோல்ட் வழியைக் கவனித்துக்கொண்டிருந்து, அது சரியத் தொடங்கியதும் ‘எழுதுவதை நிறுத்து’ என்று சொல்லும் ஒரு கம்பி வேண்டும். பலர் கண்டென்சரை வைத்துவிட்டுக் கம்பியை மறந்துவிடுகிறார்கள். கதவைத் தட்டாமல் வாசலில் நிற்கும் விருந்தாளியால் யாருக்குப் பயன்?

கணிப்பொறி முறைப்படி கோப்புகளை மூடி ஓய்வதற்குக் கால் வினாடி போதாது. பத்து வினாடிக்கு மேலும் ஆகலாம். அதற்கு சூப்பர் கண்டென்சர் என்பது உண்டு. 25 ஃபாரட், 2.7 வோல்ட் கொண்ட இரண்டை வரிசையாக இணைத்து, 5 வோல்ட்டுக்கு ஏற்றி, 3 வோல்ட் வரை இறங்கவிட்டால் 100 ஜூல் கிடைக்கும். 4 வாட் பெட்டிக்குக் கணக்கின்படி 25 வினாடி. வோல்ட்டை உயர்த்தித் தரும் சுற்றின் நஷ்டம் போக 20 வினாடி என்று கொள்ளலாம். பாட்டரியைப்போல ஆண்டுதோறும் மாற்றும் தொல்லை இராது. ஆனால் கொதிக்கும் தகரக் கூரையின் கீழே வைத்தால் இதன் ஆயுளும் குறையும்.

பாட்டரியை நாம் வெறுக்கவில்லை. மின்தடையிலும் நெசவு நடக்க வேண்டும் என்றால் அதுதான் வழி. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பாட்டரியில் 84 வாட் மணி சக்தி உண்டு. பாதியை மட்டும் உபயோகித்தாலும் 5 வாட் கணிப்பொறி எட்டு மணி நேரம் ஓடும். ஆனால் கொக்கிகளைத் தூக்கும் காந்தங்களுக்கு வேண்டிய சக்தி இந்தக் கணக்கில் சேராது. எட்டு மணிக்குப் பிறகு என்ன என்பதையும் எண்ண வேண்டும். பாட்டரி தீரும்போது பெட்டிக்குச் சொல்லும் கம்பி இல்லையேல், மின்தடை எட்டு மணி நேரம் தள்ளிப்போடப்பட்டதே தவிர நீங்கவில்லை. கிழடான பாட்டரி முன்னறிவிப்பின்றி விழும். அது வெறும் மின்தடையைவிடப் பொல்லாதது, ஏனெனில் நாம் அதை நம்பியிருப்போம்.

முழுதாக நிற்பதைவிட அரைகுறையாக இறங்குவது கொடிது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கிணற்றில் மோட்டார் போட்டதும் விளக்கு மங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். வோல்ட் அளவு மீறித் தாழும்போது, சிறு சில்லு சாகாமல் மயக்கத்தில் உளறத் தொடங்கும். ஆணைகளைத் தவறாகப் படித்து, தன் ஈப்ராமில் கண்டதை எழுதிவிடவும் கூடும். வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சில்லை அப்படியே அடக்கி வைக்கும் காவல், பெரும்பாலான சில்லுகளுக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிவைக்க வேண்டியது ஒன்றே வேலை. இதற்குச் செலவு ஒரு காசுமில்லை. கவனம் மட்டும் வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு உரிய தொல்லை வேறு. அதே கூட்டத்தில் கத்தரி பயிரிடும் ஒருவர், தம் சொட்டு நீர்ப் பெட்டி கண்ட நேரத்தில் வால்வைத் திறக்கிறது என்று முறையிட்டார். நிரல் கெடவில்லை, கடிகாரம்தான் பிசகியது. ராஸ்பெரி பையின் நான்காம் வகை வரையில் பாட்டரிக் கடிகாரம் உள்ளே கிடையாது. இணையத்தைக் கேட்டே மணி அறியும். இணையம் எட்டாத வயலில், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தையே விழிக்கும்போதும் நேரம் என்று கொள்ளும். பகல் இரண்டு மணிக்கு நின்று ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தால், பெட்டிக்கு அப்போதும் மணி இரண்டுதான்! அதன் கணக்குப்படி வால்வு திறக்கும் வேளையில் மும்முனை மின்சாரமே போயிருக்கும், செடி வாடும். 2023-இல் வந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு. அதற்குரிய பாட்டரியை நாம்தான் இணைக்க வேண்டும். பழைய வகைகளுக்கு, காசு வடிவப் பாட்டரியில் இயங்கும் டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லை இணைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்கு மேல் பிசகாது. அந்த அங்கத்தினரின் பெட்டியில் இதைப் பொருத்தியாயிற்று.

இவற்றையெல்லாம் வாங்குவோர் எப்படிச் சோதிப்பது? ஒரு வழி உண்டு, சற்று முரட்டு வழி: பிளக்கைப் பிடுங்குவது. பெட்டி சும்மா இருக்கும்போது பிடுங்கிப் பார்த்துத் திருப்தியடையலாகாது. நெசவு ஓடும்போது, டிசைன் ஏற்றும்போது, விழித்தெழும்போது, அணையும்போது என்று ஐம்பது முறையாவது பிடுங்கி, ஒவ்வொரு முறையும் இழை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஒரு முறை தப்பினாலும் பெட்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான். நம் கூடத்தில் அந்த முதியவரே பிளக்கைப் பிடுங்கினார். ஏழாம் முறையில் பெட்டி இடம் மறந்தது. “பார்த்தீர்களா, தம்பி!” என்று இளைஞரை நோக்கி அவர் சொன்னபோது, குரலில் கோபத்தைவிட, தம் சொல் மெய்ப்பட்ட மகிழ்ச்சியே மிகுந்திருந்தது.

இனிச் சங்கத்தின் மூலம் வாங்கப்படும் பெட்டிகளுக்கு, இந்தப் பரீட்சையில் தேறிய பின்னரே விலையின் கடைசிப் பகுதியைக் கொடுப்பது என்ற யோசனை நிர்வாக சபையின் முன் வைக்கப்படுகிறது. விலை மலிந்த பெட்டிக்காக வாதாடும் அங்கத்தினர் சிலர் இதை விரும்பமாட்டார்கள் என்று அறிவோம். நம் அபிப்பிராயம் பரீட்சையின் பக்கமே. ஏற்கெனவே ஓடும் பெட்டிகளில் எஃப்-ரேம் சில்லும் முன்னறிவிப்புக் கம்பியும் சேர்த்துக்கொடுக்க அந்த இளைஞர் சம்மதித்திருக்கிறார்.

இரண்டாம் தரமாக ஒதுக்கப்பட்ட புடவையின் கூலி வித்தியாசத்தை நெசவாளர் ஏற்பதா, சங்கம் ஏற்பதா, பெட்டி விற்றவர் ஏற்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மின்தடையால் டிசைன் பிசகிய சேலை வைத்திருக்கும் மற்ற அங்கத்தினர்களும், தறி எண்ணையும் மின்சாரம் நின்ற தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, சேலையோடு காரியதரிசியிடம் கொண்டுவந்து காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.